மானி பொய் சொன்னால்...

ஆகாய விமானம் ஒன்றை வீட்டுக் கொட்டகையிலேயே கட்ட முடியுமா? முடியும். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் கட்டிப் பறந்திருக்கிறார்கள். அவர்களில் விமானப் பொறியாளர்கள் சிலரே. மற்றவர்கள் ஆசிரியர்கள், மருத்துவர்கள், தச்சர்கள், கடைக்காரர்கள். இத்தகையோருக்காக 1953ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தில் பால் போபரெஸ்னி என்பவர் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கத்தின் ஆண்டு விழா 1970 முதல் ஆஷ்காஷ் என்னும் ஊரில் நடந்து வருகிறது. விமானத்தின் பெரும்பகுதியைப் பொழுதுபோக்குக்காகவோ கற்றுக்கொள்வதற்காகவோ தம் கையாலேயே கட்டியிருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். கட்டி முடித்த விமானத்தில் 'பரிசோதனை' என்ற சொல்லைக் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்பதும் சட்டமே.

அந்தச் சொல்லை அவர்களில் சிலர் மிகவும் பொருள்படுத்தி எடுத்துக்கொள்கிறார்கள். விமானத்திற்கென்று செய்த எஞ்சினை விட்டுவிட்டு, மோட்டார் காரில் இருந்த சுழல் எஞ்சினைக் கழற்றி விமானத்தின் மூக்கில் பொருத்துகிறார்கள். அந்த எஞ்சினின் நலத்தை அறியத் தாமே ஒரு மின்னணுக் கருவியையும் அமைக்கிறார்கள். அக்கருவி தவறாகக் காட்டத் தொடங்கினால் என்ன செய்வது? இக்கட்டுரையின் பொருள் அதுதான். இதில் நம் பள்ளி ஆய்வுக்கூடங்களுக்கும் ஒரு பாடம் இருப்பதாக நான் கருதுகிறேன். அதனை இறுதியில் சொல்கிறேன்.

முக்கோணம் சுழலும் எஞ்சின்

சாதாரணப் பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் அது நின்று, திசை மாறி, மீண்டும் ஓட வேண்டும். இந்த இடையறாத ஆட்டம் இல்லாத எஞ்சின் ஒன்றைச் செருமானியரான ஃபெலிக்ஸ் வாங்கெல் சிந்தித்தார். அவரது முதல் மாதிரி 1957ஆம் ஆண்டு ஓடியது. அதில் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. பக்கங்கள் சற்றே புடைத்த முக்கோண வடிவச் சுழலி ஒன்று, இடையில் சிறிது ஒடுங்கிய நீள்வட்டம் போன்ற கூட்டுக்குள் சுற்றி வருகிறது. சுழலிக்கும் கூட்டின் சுவருக்கும் இடையே மூன்று அறைகள் உண்டாகின்றன. அவை மாறி மாறிப் பெரிதாகிச் சிறிதாகி, காற்றையும் பெட்ரோலையும் உறிஞ்சி, அழுத்தி, எரித்து, வெளியேற்றுகின்றன. சுழலி ஒரு சுற்றுச் சுற்றும்போது எஞ்சினின் தண்டு மூன்று சுற்றுகள் சுற்றும்.

ஜப்பானிய மாஸ்டா நிறுவனம் இவ்வெஞ்சினை விடாமல் வளர்த்தது. அதன் சுழல் எஞ்சின் கார் 1991இல் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றது. விமானம் கட்டுவோர் விரும்பி எடுப்பது மாஸ்டாவின் 13பி என்ற எஞ்சின். இதில் இரண்டு சுழலிகள். ஒவ்வொன்றின் கொள்ளளவும் 654 கன சென்டிமீட்டர். ஓடும் முக்கிய உறுப்புகளை எண்ணினால், சுழலி இரண்டு, தண்டு ஒன்று, ஆக மூன்றே. உடையக்கூடியது குறைவு என்பதே அவர்களின் கணக்கு.

ஆனால் இதற்கு ஒரு பலவீனமும் உண்டு. கூட்டைக் குளிர்விப்பது நீர். சுழலியைக் குளிர்விப்பது எண்ணெய். நீர் மிகையாகச் சூடேறினால், கூட்டின் பகுதிகளுக்கிடையே நீரை அடைத்து நிறுத்தும் ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும். அதன்பின் எஞ்சின் நெடுநேரம் உழைக்காது. காரில் இப்படி நேர்ந்தால் சாலையோரம் நிறுத்திக்கொள்ளலாம். 1,000 மீட்டர் உயரத்தில் சாலையோரம் ஏது?

ஆகவேதான் விமானியின் கண் முன்னே ஒரு கண்காணிப்புக் கருவி வேண்டியிருக்கிறது. நீரின் வெப்பநிலை, எண்ணெயின் வெப்பநிலை, எண்ணெயின் அழுத்தம், பெட்ரோலின் அழுத்தம், இரு சுழலிகளின் புகைபோக்கி வெப்பநிலை, சுழற்சி வேகம், பாட்டரியின் மின்னழுத்தம் ஆகிய யாவற்றையும் ஒரு சிறு பெட்டி அளந்து எண்களாகக் காட்டுகிறது. தொழிற்சாலையில் செய்த விமானத்தில் ஒரு எண் விசித்திரமாக இருந்தால், அதே விமானத்தை வைத்திருக்கும் நூறு பேரின் அனுபவம் கைகொடுக்கும். வீட்டில் கட்டிய விமானமோ உலகில் ஒன்றே ஒன்று. அதன் எஞ்சினையும் கருவியையும் இணைக்கும் கம்பிகளைப் போட்டவர் ஒருவரே. பழுது கண்டுபிடிக்க வேண்டியவரும் அவரேதான்.

விளக்கைப் போட்டால் எஞ்சின் சூடாகுமா?

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். எஞ்சின் சீராக ஓடுகிறது. நீரின் வெப்பநிலை 80 டிகிரி செல்சியஸ் என்று கருவி காட்டுகிறது. விமானி விளக்குகளையும், வேகமானியின் குழாய் பனியால் அடைபடாமல் காக்கும் சூடேற்றியையும் போடுகிறார். உடனே வெப்பநிலை 86 என்று காட்டுகிறது. அவற்றை நிறுத்தினால் மீண்டும் 80. இது எஞ்சினின் நோயா, கருவியின் நோயா?

மின்கருவி எதையும் தொடுமுன்பே எட்டாம் வகுப்புக் கணக்கு ஒன்று நமக்கு உதவும். எஞ்சினைச் சுற்றியுள்ள குளிர்நீர் 8 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோகிராம் நீரை 1 டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஆகவே 8 கிலோகிராமை 6 டிகிரி உயர்த்த ஏறத்தாழ 200 கிலோஜூல் வேண்டும். இது ஒரே நொடியில் நிகழ்ந்ததென்றால் திறன் 200 கிலோவாட். ஆனால் 160 குதிரைத்திறன் கொண்ட இந்த எஞ்சின் முழுமூச்சாக ஓடும்போது தண்டுக்குத் தரும் திறனே 120 கிலோவாட்தான். நீருக்குள் செல்லும் வெப்பமும் அதிகமாகப் போனால் அந்த அளவை ஒட்டியே இருக்கும். நீரோடு சேர்ந்து சூடாக வேண்டிய உலோகத்தை நாம் கணக்கில் சேர்க்கவே இல்லை. எனவே ஒரு நொடியில் 6 டிகிரி என்பது நடக்கக்கூடியதன்று. காட்டும் எண் மாறியிருக்கிறது. நீர் மாறவில்லை என்றே ஐயுறலாம்.

'ஐயுறலாம்' என்றுதான் சொன்னேன்; 'முடிவு செய்யலாம்' என்று சொல்லவில்லை. குளிர்நீர் கசிந்து, உணர்வியின் முனை நீராவியில் நின்றாலும் எண் திடீரெனத் தாவக்கூடும். கணக்கு நமக்கு ஒரு கருதுகோளைத் தந்திருக்கிறது. அதைச் சோதனையால் உறுதி செய்ய வேண்டும்.

பழுது எங்கே?

நீரின் வெப்பத்தை உணரும் உறுப்புக்குத் தெர்மிஸ்டர் என்று பெயர். வெப்பம் ஏற ஏற அதன் மின்தடை குறையும். கார்களில் பரவலாக உள்ள வகையில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 320 ஓம், 100 டிகிரியில் 190 ஓமுக்குச் சற்றுக் குறைவு. கருவி 5 வோல்ட் மின்னழுத்தத்தை 1,000 ஓம் தடை வழியாகத் தெர்மிஸ்டருக்கு அனுப்பி, இரண்டும் சேரும் இடத்து மின்னழுத்தத்தை அளப்பதாகக் கொள்வோம். 80 டிகிரியில் அது 1.21 வோல்ட். நீங்களே ஓம் விதியால் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

தெர்மிஸ்டருக்குப் பல வேளைகளில் ஒரே ஒரு கம்பிதான் இருக்கும். மின்னோட்டம் திரும்பும் வழி எஞ்சினின் உலோக உடலே. அங்கிருந்து ஒரு பட்டைக் கம்பி, விமானத்தின் பொது எர்த் முனைக்குச் செல்கிறது. கருவியின் எர்த்தும் அம்முனையில்தான் இருக்கிறது. எஞ்சின் உடலும் கருவியின் எர்த்தும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கின்றன என்று கருவி நம்பிக்கொண்டிருக்கிறது. அந்த நம்பிக்கை பொய்த்தால்?

மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரும் எஞ்சின் உடலில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. விளக்குகளுக்கும் சூடேற்றிக்கும் செல்லும் 20 ஆம்பியர், அதே பட்டைக் கம்பி வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்குத் திரும்ப வேண்டும். பட்டையின் மரை தளர்ந்தோ, அதன் அடியில் பெயிண்ட் சுரண்டப்படாமலோ இருந்து 0.01 ஓம் தடை உண்டாகியிருந்தால், அங்கே 0.2 வோல்ட் இழப்பு ஏற்படும். எஞ்சின் உடல் கருவியின் எர்த்தைவிட 0.2 வோல்ட் தாழ்ந்துவிடும். கருவி அளப்பது 1.21 அன்று; 1.06 வோல்ட். 'மின்தடை குறைந்துவிட்டது, ஆகவே நீர் சூடாகிவிட்டது' என்று பாவம், அது நியாயமாகவே முடிவு செய்கிறது! இதே 0.2 வோல்ட், நீர் உண்மையில் 100 டிகிரியில் இருக்கும்போது சுமார் 10 டிகிரிப் பிழையை உண்டாக்கும். எஞ்சின் கடுமையாக உழைக்கும் நேரத்தில்தான் மானி மிகுதியாகப் பொய் சொல்லும்.

இக்கருதுகோளைச் சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். அதன் ஒரு முனையை எஞ்சின் உடலிலும் மறுமுனையை, கருவியின் எர்த்திலும் இணைக்க வேண்டும். சுழலும் புரொப்பெல்லர் அருகே எவரும் நிற்கக்கூடாது. ஆகையால் நீளக் கம்பிகளைப் போட்டு, இருக்கையில் அமர்ந்தே மீட்டரைப் படிக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு விளக்குகளைப் போட்டால் மீட்டர் 0.2 வோல்ட் காட்டுகிறதா? எஞ்சினை நிறுத்தி, பாட்டரியில் மட்டும் விளக்குகளைப் போட்டால் அது மறைகிறதா? மறைய வேண்டும். ஏனெனில் இப்போது மின்னோட்டம் ஆல்டர்னேட்டருக்குத் திரும்பவில்லை. எஞ்சினைக் கிளப்பும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் சோம்பலாகச் சுழல்கிறதா? 150 ஆம்பியர் அந்த 0.01 ஓம் வழியே பாயும்போது 1.5 வோல்ட் வீணாகிறதே! மூன்றுக்கும் விடை 'ஆம்' என்றால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். மரையைக் கழற்றி, உலோகம் பளிச்சிடும்வரை சுரண்டி, இறுக முடுக்கினால் தீர்ந்தது. உணர்விக்கு இரண்டு கம்பிகள் உள்ள வகையைப் போட்டு, திரும்பும் கம்பியை நேரே கருவிக்கே கொண்டுவந்துவிட்டால் இன்னும் நல்லது.

கருவியையே மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பணம் போயிருக்கும், பழுது அங்கேயே இருந்திருக்கும்.

மாற்றி மாட்டிப் பார்

புகைபோக்கியின் வெப்பத்தை அளப்பது வேறு வகை. அதற்கு வெப்ப மின்னிரட்டை பயன்படுகிறது. குரோமெல், அலுமெல் என்ற இரு உலோகக் கலவைக் கம்பிகளின் முனைகளை இணைத்துச் சூடாக்கினால் மின்னழுத்தம் பிறக்கும். அதன் அளவு டிகிரிக்கு சுமார் 41 மைக்ரோவோல்ட். அதாவது ஒரு டார்ச் செல்லின் மின்னழுத்தத்தில் ஏறத்தாழ 36,000இல் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிய குரலைக் கேட்கும் கருவியின் அருகிலேயே, ஸ்பார்க் பிளக்குகள் ஆயிரக்கணக்கான வோல்ட்டில் வெடித்துக்கொண்டிருக்கின்றன. எண்கள் தாறுமாறாக ஆடினால் வியப்பில்லை.

இதில் பலர் அறியாமல் செய்யும் பிழை ஒன்று உண்டு. கம்பி நீளம் போதவில்லை என்று சாதாரணச் செம்புக் கம்பியை ஒட்டுப் போடுவார்கள். வெப்ப மின்னிரட்டை அளப்பது, தன் இரு முனைகளுக்கும் இடையேயுள்ள வெப்பநிலை வேறுபாட்டையே. செம்பு ஒட்டிய இடம் எஞ்சின் அருகே 70 டிகிரியிலும், கருவி விமானியின் முன்னே 25 டிகிரியிலும் இருந்தால், காட்டும் எண் 45 டிகிரி குறைந்துவிடும். எஞ்சின் நலமாக இருப்பது போலத் தோன்றும். அதே உலோகத்தால் ஆன நீட்டுக் கம்பியையே பயன்படுத்த வேண்டும்.

இரண்டு சுழலிகள் இருப்பதால் ஓர் அழகான சோதனை செய்யலாம். முதல் சுழலியின் எண் மட்டும் விசித்திரமாக இருக்கிறது. இரண்டு உணர்விகளையும் புகைபோக்கிகளில் இடம் மாற்றிப் பொருத்துங்கள். கம்பிகளையும் கருவியையும் அப்படியே விட்டுவிடுங்கள். கோளாறு உணர்வியோடு சேர்ந்து நகர்ந்து சென்றால், குற்றம் உணர்வியுடையது. நகராமல் முன்பிருந்த இடத்திலேயே நின்றால், கம்பி, கருவி அல்லது அந்தச் சுழலியே காரணம். ஒரே சோதனையில் பிரச்சினை பாதியாகிவிட்டது. அடுத்து, கருவியின் பக்கத்தில் இரு கம்பிகளையும் மாற்றி மாட்டிப் பாருங்கள், மீண்டும் பாதி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதே விதி. அவசரப்பட்டு இரண்டை மாற்றினால், பழுது நீங்கினாலும் எதனால் நீங்கியது என்று தெரியாது. தெரியாமல் நீங்கிய பழுது சொல்லாமல் திரும்பி வரும்.

இன்னும் எளிய சோதனைகளும் உண்டு. தெர்மிஸ்டரைக் கழற்றி, உருகும் பனிக்கட்டியிலும் கொதிக்கும் நீரிலும் அமிழ்த்தலாம். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்திற்கும் நீரின் கொதிநிலை ஏறத்தாழ 1 டிகிரி குறையும் என்பது நினைவிருக்கட்டும். தெர்மிஸ்டருக்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் 330 ஓம் தடை ஒன்றை மாட்டினால், கருவி 80க்கு ஒட்டிய எண்ணைக் காட்ட வேண்டும். காட்டினால் கருவி நிரபராதி.

நம்புவதா, ஐயுறுவதா?

இங்கே ஒரு கேள்வி எழும். மானிகளை இப்படிச் சந்தேகித்துக்கொண்டே இருந்தால் விமானம் ஓட்டுவது எப்படி?

என் கருத்து இது. வானத்தில் 'ஆபத்து' என்று சொல்லும் மானியை நம்ப வேண்டும். அது பொய்யாக இருந்தாலும் அருகிலுள்ள ஓடுதளத்தில் இறங்கிவிட வேண்டும். ஆராய்ச்சியைத் தரையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் 'எல்லாம் சரி' என்று சொல்லும் மானியை மட்டும் தனியே நம்பிவிடக் கூடாது. அதை மற்ற மானிகளோடு ஒப்பிட வேண்டும்.

இது வீண் எச்சரிக்கையன்று. 1982ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் வாஷிங்டன் நகரில் கடும் பனி. ஒரு போயிங் 737 பயணிகள் விமானம் புறப்பட்டது. எஞ்சினின் பனிநீக்கி போடப்படவில்லை. உந்துவிசையை அளக்கும் குழாய்கள் பனியால் அடைபட்டன. ஆகவே உந்துவிசைமானி 2.04 என்று காட்டியது. புறப்பட வேண்டிய சரியான எண் அதுதான்! உண்மை அளவோ சுமார் 1.70. சுழற்சி வேகம் முதலிய மற்ற மானிகள் குறைவாகவே காட்டிக்கொண்டிருந்தன. ஏதோ சரியில்லை என்று துணை விமானி சொல்லவும் செய்தார். விமானம் நிறுத்தப்படவில்லை. இறக்கைகளிலும் பனி படிந்திருந்த அந்த விமானம், மேலெழ முடியாமல் ஒரு பாலத்தில் மோதி, பொடோமாக் ஆற்றில் விழுந்தது. பாலத்தில் இருந்த 4 பேர் உட்பட 78 பேர் மாண்டனர். பெரிய விமானம், பயிற்சி பெற்ற விமானிகள். இருந்தும் ஒரு மானியின் இனிய பொய்யை நம்பியதன் விளைவு அது.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. 'புலி வருது, புலி வருது' கதை நீங்கள் அறிந்ததே. விளக்கைப் போடும்போதெல்லாம் 6 டிகிரி ஏறும் மானியை விமானி நாளடைவில் கேலியாகப் பார்க்கத் தொடங்குவார். 'அது அப்படித்தான்' என்பார். உண்மையிலேயே நீர் கசியும் நாளிலும் 'அது அப்படித்தான்' என்பார். எனவே சிறு பழுதுள்ள மானியோடு பறப்பது, மானியே இல்லாமல் பறப்பதைவிட நல்லது என்று நான் ஒப்பமாட்டேன். பழுதின் காரணம் தெரியும்வரை விமானம் தரையில் இருப்பதே முறை.

நமது ஆய்வுக்கூடம்

இனி நம் ஊருக்கு வருவோம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் அம்மீட்டரின் முள் அசையவில்லை என்றால் என்ன நடக்கிறது? மாணவர் ஆசிரியரை அழைக்கிறார்; ஆசிரியர் வேறு அம்மீட்டரைத் தருகிறார்; அல்லது பக்கத்து மேசையின் அளவுகள் நோட்டுப் புத்தகத்தில் ஏறிக்கொள்கின்றன. தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 940 என்று வந்தால், எங்கே பிழை என்று தேடுவோர் சிலரே. 980 வரும்வரை அளவுகளைத் 'திருத்துவோர்' பலர். கல்லூரிக்கு வரும்போதும் இப்பழக்கம் கூடவே வருகிறது. ஆண்டுதோறும் இதை நான் பார்க்கிறேன்.

மாணவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. சரியான விடைக்கு மதிப்பெண் தருகிறோம். தவறான விடையின் காரணத்தைக் கண்டுபிடிப்பதற்கு ஒன்றும் தருவதில்லை. பழுதில்லாத கருவிகளை வைத்து, ஏற்கெனவே தெரிந்த விடையைக் கண்டுபிடிப்பது சடங்கு. ஆஷ்காஷுக்குப் பறந்து போகும் அந்தப் பல் மருத்துவரோ தச்சரோ தம் கொட்டகையில் செய்வதே சோதனை. அவருக்கு விடைப் புத்தகம் கிடையாது; தவறினால் உயிர் போகும்.

ஆகவே நான் ஒரு யோசனை சொல்கிறேன். செய்முறைத் தேர்வில் ஒரு சோதனை 'பழுது காணல்' என்று இருக்கட்டும். இரண்டு செல்கள், ஒரு விளக்கு, ஒரு தடை, ஒரு சாவி, ஒரு வோல்ட்மீட்டர். ஆசிரியர் அதில் ஒரு பழுதை ஒளித்து வைக்கட்டும். உறைக்குள்ளே அறுந்த கம்பியாக இருக்கலாம். உப்புத்தாளால் தேய்க்காத முனையாக இருக்கலாம். தலைகீழாக வைத்த செல்லாக இருக்கலாம். மாணவர் ஒவ்வொரு படியையும் எழுத வேண்டும்: என்ன ஐயுற்றேன், எதை அளந்தேன், எதை விலக்கினேன். மதிப்பெண் அந்தப் படிகளுக்கே.

'நாற்பது பேர் உள்ள வகுப்பில் இதற்கு நேரம் ஏது?' என்று ஆசிரிய நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. நம் ஆய்வுக்கூட அலமாரிகளில் பழுதான கருவிகளுக்குப் பஞ்சமா என்ன? ஆண்டுக்கு ஒரு வகுப்பு போதும்.

அதுவரை காத்திராமல் நீங்களே தொடங்கலாம். அடுத்த முறை அம்மீட்டரின் முள் அசையாதபோது ஆசிரியரை அழைக்கும் முன் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். வோல்ட்மீட்டரைச் செல்லின் முனைகளில் வையுங்கள். பிறகு சாவியின் இரு பக்கங்களிலும் வையுங்கள். பிறகு ஒவ்வொரு கம்பியின் இரு முனைகளிலும் வையுங்கள். மின்னழுத்தம் எங்கே இருக்கக் கூடாதோ அங்கே அது காட்டும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் போங்கள். 'முள் அசையவில்லை, ஐயா' என்று சொல்லாதீர்கள். 'மூன்றாவது கம்பி உள்ளே அறுந்திருக்கிறது, ஐயா' என்று சொல்லுங்கள்.